மணிக்கட்டில் எழுதின நம்பர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், அது போடுகிற சத்தத்தில் பாதிக் கதை காணாமல் போய்விடும். சுவரோரமாக வாருங்கள். டீ மிச்சம் இருந்தால் குடித்து முடியுங்கள். ஒரு மனிதனின் மணிக்கட்டில் பேனாவால் எழுதியிருந்த ஒரு நம்பரின் கதையை இன்றைக்குச் சொல்லப் போகிறேன். நடுவில் என் குரல் உயர்ந்தால் பயப்படாதீர்கள். கோபம் உங்கள் மேல் இல்லை. யார் மேல் என்று போகப்போக உங்களுக்கே தெரியும்.

வியாசர்பாடிக் குடியிருப்பில் எங்கள் பிளாக்குக்கு எதிர் பிளாக், இரண்டாம் மாடி. அங்கேதான் ஜெயவேல் வீடு. அவன் சாரம் கட்டுகிறவன். வீடு பூசுவதற்குக் கட்டுகிற சவுக்குக் கம்பு சாரம் இல்லை. மணலிப் பக்கத்து ஆலைகளில் ஏழு மாடி, எட்டு மாடி உயரத்துக்கு நிற்கிற இரும்புக் கோபுரங்களைச் சுற்றி, இரும்புக் குழாயையே ஒன்றோடு ஒன்று பூட்டிக் கட்டுகிற சாரம். வருஷத்துக்கு ஒரு தடவை ஆலையை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். ஷட்டவுன் என்பார்கள். அந்த நாற்பது நாளில் எல்லாருக்கும் முன்னால் மேலே ஏறுகிறவன் சாரக்காரன், எல்லாருக்கும் பின்னால் இறங்குகிறவனும் அவன்தான். ஜெயவேலுக்கு நாற்பத்தேழு வயது. மாடிப்படியில் அவன் ஏறி வருவது யாருக்கும் கேட்காது. குழாய் மேல் நடந்து பழகின கால்.

மனைவி அன்புக்கரசி பிளாக் முனையில் காலையில் இட்லியும் வடகறியும் விற்கிறாள். பொழுது விடியும்போது அவள் பருப்பு ஆட்டுகிற வாசனை எங்கள் ஜன்னல் வரைக்கும் வரும். காற்று மணலியிலிருந்து அடிக்கிற நாளில் அதுவும் வராது, அழுகின முட்டை நாற்றம்தான் வரும். ஒரே பெண் மாயா, கல்லூரியில் இரண்டாம் வருஷம். சுவரில் அண்ணல் படம், பக்கத்தில் சின்னப் புத்தர், அவர் காலடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவில் மாத்திரைகள்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ரத்தக்கொதிப்பு. தண்டையார்பேட்டையிலிருந்து உமைமா என்கிற பெண் மாசம் ஒரு தடவை ஸ்கூட்டியில் வந்து, வீடு வீடாக ஏறி, பீ.பி. பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். இந்த வருஷ ஷட்டவுனுக்கு முன்னால் அவள் வந்தபோது நானும் வடகறி வாங்கக் கிண்ணத்தோடு அங்கே நின்றிருந்தேன்.

உமைமா டப்பாவைத் திறந்து பார்த்தாள். "அண்ணா, போன மாசம் குடுத்த முப்பதுல இருபத்திரெண்டு அப்டியே கீது. இன்னா, அழகு பாக்கவா வெச்சிக்கினு கீறீங்க?"

"வேல கீற அன்னிக்குப் போட்டுக்கிறேன் உமைமா," என்றான் ஜெயவேல். "வூட்ல குந்திக்கினு கீற நாள்ல எதுக்கு? ஞாயித்துக்கெழம மனுசனுக்கே லீவு. மாத்திரைக்கு வுடக்கூடாதா?"

"ரத்தக்குழாய்க்கு ஞாயித்துக்கெழம தெரியாதுண்ணா."

"தல சுத்தல, கண்ணு இருட்டல. எம்பது அடி ஒசரத்துல நின்னு ஒத்தக் கையில குழாய் புடிக்கிறேன். ஒண்ணுமே இல்லாத ஒடம்புக்கு மருந்து எதுக்குன்றேன்."

"இது ஒண்ணுமே சொல்லாத நோவுண்ணா. அது வாயத் தொறந்து சொல்றப்ப கை காலு போயிடும். தாகத்துக்குத் தண்ணி குடிக்கிற மாதிரி இத்தப் போடக்கூடாது. தெனம் பல்லு வெளக்குற மாதிரி போடணும்."

"நல்லா கேட்ட," என்றாள் அன்புக்கரசி உள்ளேயிருந்து. "இந்தாளு பல்லே ஒருநா வுட்டு ஒருநாதான் வெளக்குது."

"நீங்க மட்டும் இன்னாக்கா? உங்க அட்டைலயும் பதினேழு மிச்சம் கீது."

"நான் கோவம் வந்தா போட்டுக்குவேன். தண்ணி லாரிக்காரங்கிட்ட சண்ட போட்டா ஒண்ணு. இவுரு அக்கா வந்துட்டுப் போனா ரெண்டு."

உமைமா சிரிக்கவில்லை. அன்புக்கரசியின் கையில் பீ.பி. பார்க்கிற பட்டையைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "கோவத்துக்கு மருந்து என்கிட்ட இல்லக்கா. இது அதுக்கு இல்ல."

யார் கேட்டோம்? எங்கள் குடியிருப்பில் அந்த மாத்திரைக்கு அப்படித்தான் வேலை. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் ஒன்று. மருமகளோடு வாய்ச்சண்டை என்றால் ஒன்று. தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்கிற மாதிரி போய்க் கேட்பது. நானும் வாங்கியிருக்கிறேன், நானும் கொடுத்திருக்கிறேன். அதையும் சொல்லிவிட்டுத்தான் மேலே சொல்ல வேண்டும்.

இப்போது ஆலை வாசலுக்கு வாருங்கள்.

உயரத்தில் ஏறுகிறவனுக்கு அன்றன்றைக்கு ஒரு பாஸ் வேண்டும். பாஸ் கொடுப்பதற்கு முன்னால் பீ.பி. பார்ப்பார்கள். நூற்றைம்பதைத் தாண்டினால் ஏற விடக் கூடாது. எழுதி வைத்திருக்கிற சட்டம் நல்ல சட்டம். வாசலுக்கு வெளியே ஒரு பாதாம் மரம், அதன் கீழே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் முதலுதவிக்காரர் ஹுமாயூன். ஐம்பது வயது, கண்ணாடி, மெதுவான பேச்சு. பார்க்கிற அளவு அதிகமாக இருந்தால் அவர் அதைப் புத்தகத்தில் எழுதமாட்டார். அந்த ஆளின் இடது மணிக்கட்டில் நீலப் பேனாவால் எழுதி, "பத்து நிமிசம் குந்திட்டு வா" என்பார்.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எல்லாம் நடக்கும். கான்டிராக்டரின் சூப்பர்வைசர் அலெக்ஸாண்டர் மரத்தடிக்கு வருவான். சட்டைப் பையில் மஞ்சள் நிறத்தில் உருண்டை மாத்திரை, உள்ளே மருந்து தண்ணியாக இருக்கும். ஊக்கால் குத்தி, "நாக்க தூக்கு" என்று அடியில் பிழிந்துவிடுவான். ஆட்கள் அதற்கு வைத்த பேர் கேட் மாத்திரை. ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்காருவார்கள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி பட்டை. இறங்கியிருக்கும். அந்த இரண்டாவது அளவு புத்தகத்தில் ஏறும். மணிக்கட்டில் இருந்ததை ஹுமாயூன் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிடுவார். அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் அந்த வாசலில் நுழைந்த ஒருத்தனுக்கும் ரத்தக்கொதிப்பே கிடையாது.

அன்புக்கரசிக்கு இது தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். பாதி தெரியும். ஷட்டவுன் நாளில் உமைமா கொடுத்த மாத்திரையில் இரண்டை நியூஸ்பேப்பர் துண்டில் மடித்து, இட்லிப் பொட்டலத்தின் மேல் வைத்துக் கொடுத்தவளே அவள்தான். வேலைக்குப் போகிறவனுக்கு வேலைக்கான மாத்திரை. அதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அது மே மாசம், வியாழக்கிழமை. ஷட்டவுனின் மூன்றாவது வாரம். நான்கு நாளாகக் கடல் காற்றே இல்லை. பொழுது விடியும்போதே சுவர் சுட்டது. பதினெட்டு நாளாக லீவு இல்லாமல் ஏறி இறங்கின ஜெயவேல், சட்டையை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தானாம்.

"இன்னாய்யா, மூஞ்சி செவந்து கீது. இன்னிக்கி ஒருநா வுட்டா இன்னா?"

"இன்னிக்கி வுட்டா நாளைக்கி என் எடத்துல வேற ஆளு நிப்பான். அப்பாலிக்கா அடுத்த ஷட்டவுனுக்குக் கூப்புடவே மாட்டானுங்க."

"அப்ப ரெண்டும் இங்கியே போட்டுகினு போ."

தண்ணீர் அவள்தான் மொண்டு கொடுத்தாள். பிறகு வாசலில் நிறுத்தி, மூன்றாவதாக இன்னொன்றும் கொடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே அதையும் விழுங்கிவிட்டுப் போனான்.

எட்டரை மணிக்கு பாரி போன் செய்தான். பாரி ஜெயவேலின் ஜோடி. குழாயின் ஒரு முனையை இவன் பிடித்தால் மறுமுனையை அவன் பிடிப்பான், பதினோரு வருஷமாக.

பெரியாஸ்பத்திரி வராண்டாவில் அவன் அன்புக்கரசியிடம் சொன்னதை, அவள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

"குழாய நீட்னேன் அண்ணி. அண்ணன் வாங்கல. 'இன்னாண்ணா, தூங்குறியா'ன்னு கேட்டேன். என்னியப் பாத்துச்சு. பாத்துகினே கீது, ஆனா வாயி ஒரு பக்கமா போவுது. அப்டியே சாஞ்சிருச்சு. இடுப்பு பெல்ட்டு கொக்கி மாட்டிருந்துச்சு அண்ணி. மேல காலு வெச்சவொடனே அது மொத வேலயா கொக்கிதான் மாட்டும், அதான் தொங்கிச்சு. எறக்குறதுக்கு இருவது நிமிசம் ஆச்சு."

"கீழ அலெக்ஸாண்டர் இருந்தானா?"

"இருந்தாரு. 'யாரும் போன்ல படம் புடிக்காதீங்கடா'ன்னு கத்திகினு இருந்தாரு."

உள்ளே ஜெயவேல் படுத்திருந்தான். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கையைத் தூக்கினால் தூக்கின இடத்திலிருந்து துணி மாதிரி விழுந்தது. அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டபோதுதான் அன்புக்கரசி பார்த்தாள். மணிக்கட்டில் நீல எழுத்து. 198, ஒரு கோடு, 116. வியர்வையில் ஓரம் கரைந்திருந்தது. அன்றைக்கு வரிசை நீளம், அலெக்ஸாண்டர் ஜல்தி ஜல்தி என்று விரட்டிக்கொண்டிருந்தானாம். ஹுமாயூன் துடைக்க மறந்துவிட்டார்.

ஊசி குத்த வந்த நர்ஸ் அந்தக் கையில் பஞ்சை வைக்கப் போனாள்.

"அத்தத் தொடைக்காதம்மா. சோத்தாங்கைல குத்து," என்றாள் அன்புக்கரசி. பிறகு மகளைப் பார்த்து, "மாயா, படம் புடி. நைனா மூஞ்சியும் சேர்ந்து வரணும். அப்டியே செவுத்துக் கடியாரமும்."

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டார். பாரி எல்லாவற்றையும் சொன்னான், மஞ்சள் உருண்டை உட்பட. அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அதை இப்படிக் குடுக்கிறத நாங்க விட்டே ரொம்ப வருஷமாச்சு. இவர் மருந்தை ஒழுங்கா சாப்பிடல. அதனால உடம்பு எப்பவும் அந்த உயரத்துலயே இருந்து பழகிடுச்சு. அதை அரை மணி நேரத்துல கீழே தள்ளினா மூளைக்கு ரத்தம் போய்ச் சேராது. தினம் ஒண்ணு போட்டிருந்தா மெதுவா, தானா இறங்கியிருக்கும்மா."

"நான் காலையில மூணு குடுத்தேன்," என்றாள் அன்புக்கரசி.

டாக்டர் அவளைப் பார்த்தார். "அந்த மூணு வேலை செய்யவே நேரமாகும். மேல ஏத்தி அனுப்பினது நீங்க இல்லம்மா," என்றார். நல்ல பிள்ளை. ஆனால் அவர் சொன்னதால் அவளுக்கு அந்த மூன்று மறந்துபோகவில்லை. இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அலெக்ஸாண்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் ஒரு பை சாத்துக்குடி, அக்குளில் ஒரு ஃபைல்.

"அக்கா, ஜெயவேல் எனக்குத் தம்பி மாதிரி. நேத்துலேர்ந்து எனக்கு சோறு எறங்கல."

"அப்ப இட்லி துன்னு."

"கோவப்படாதக்கா. கம்பெனி எதுனா பண்ணணும்னா ஒரு பேப்பர் வேணும். அன்னிக்கி காலைல புக்குல நூத்தி முப்பத்தாறு, எம்பத்தி நாலுன்னு கீது. நல்லாத்தான் ஏறிக்கிறான். நீ இன்னா பண்ற, வூட்ல ஏதோ வாக்குவாதம், மனசு சரியில்ல, ஏற்கனவே நோவு இருந்தத சொல்லாம மறச்சுட்டான்னு ஒரு கையெழுத்து போட்டேன்னா, மீதிய நான் பாத்துக்கிறேன்."

"வூட்ல வாக்குவாதமா?"

"எல்லா வூட்லயும் கீறதுதானக்கா. நீ கூட கொஞ்சம் சத்தமா பேசுற ஆளுதான்னு ஜெயவேலே சொல்லிக்கிறான்."

அன்புக்கரசிக்குக் காதுக்குள் பம்ப் ஓடுகிற மாதிரி இருந்ததாம். பழக்க தோஷத்தில் கை தானாகச் சுருக்குப் பைக்குள் போனது. அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். அது நாக்கில் கசக்கத் தொடங்கியது. எதிரே அவன் பேனா மூடியைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தான். அவள் மாத்திரையை உள்ளங்கையில் துப்பினாள்.

"இவ்ளோ நாளா இத்தப் போட்டுப் போட்டு நான் கம்முனு போயிட்டேன்," என்றாள். "இன்னிக்கி போவமாட்டேன். உன் பேப்பர எடுத்துகினு கெளம்பு. சாத்துக்குடியும்தான்."

சாயங்காலம் உமைமா வந்தாள். அன்புக்கரசி கையில் வைத்திருந்த, பாதி கரைந்த அந்த மாத்திரையைக் காட்டினாள்.

"இனிமே எனுக்கு இது வாணாம். இத்தப் போட்டா கோவம் பூடுது."

உமைமாவுக்கே கோபம் வந்துவிட்டது. "யாருக்கா உங்களுக்கு அப்டி சொன்னது? கோவம் போறது நீங்களா நெனச்சுக்கிறது. இது ரத்தக்குழாய மட்டும்தான் பாக்கும், மனச பாக்காது. தெனம் காலைல ஒண்ணு போடுங்க. போட்டுட்டு எவ்ளோ கோவப்படணுமோ அவ்ளோ படுங்க. அண்ணன் ஒருத்தர் படுத்துக்கினா போதும். நீங்களும் படுத்துக்கினா அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட மாயாவத்தான் தேடிகினு வருவானுங்க."

மறுநாள் காலையில் அன்புக்கரசி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு, மாயாவையும் அழைத்துக்கொண்டு மணலிக்கு பஸ் ஏறினாள். இட்லி வண்டியைத் திறக்கவில்லை. ஆறரை மணிக்குப் பாதாம் மரத்தடியில் நின்றாள். டேங்கர் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. நாற்பது பேர் வரிசை. மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் ஈரத்துண்டோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். யாருடைய அடக்கத்துக்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

நேரே மேசைக்குப் போய், மகளின் போனை ஹுமாயூன் முன்னால் வைத்தாள்.

"பாய், இது யாரு கையெழுத்து?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அவர் எழுதுகிற ஒன்பதுக்கு வால் நீளம், தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். புத்தகம் முழுக்க அந்த ஒன்பதுதான்.

"என்னுதுதாம்மா," என்றார்.

"புக்குல வேற இன்னாவோ கீதாமே."

"அது ரெண்டாவது பாத்தது. ரெண்டாவதுதான் எழுதணும்னு சொல்லிக்கிறாங்க. நான் சம்பளக்காரன்மா."

"எம் புருசனும் கூலிக்காரன்தான். அவன் ரெண்டாவது ஒடம்ப எடுத்துகினா மேல ஏறுனான்? மொத நம்பரோடதான ஏறுனான்? அத்த எழுது."

அலெக்ஸாண்டர் ஓடி வந்தான். "யக்கா, இது கம்பெனி வாசலு, இங்க வந்து கலீஜ் பண்ணாத. உன்னால லைன் நிக்குது."

"நிக்கட்டும்."

மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு வெல்டர் கத்தினான். "உம் புருசன் வுழுந்துட்டான், சரி. எங்க சோத்துல ஏம்மே மண்ண போடுற? மொத நம்பர எழுதுனா என்னிய வூட்டுக்கு அனுப்பிடுவான். எம் புள்ளைங்களுக்கு நீ இட்லி குடுப்பியா?"

நியாயமான கேள்விதான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"குடுப்பேன். எத்தினி நாளுக்குக் குடுக்க முடியுமோ அத்தினி நாளுக்கு. ஆனா உன்னிய படுக்கைல போட்டா உனுக்கு மலம் மூத்திரம் அள்றதுக்கு உன் பொண்டாட்டிதான் கீறா, அலெக்ஸாண்டர் வரமாட்டான். தெனம் ஒரு மாத்திரய வூட்லயே போட்டுகினு வந்தா இந்த மரத்தடில நாக்க தூக்கிகினு நிக்கத் தேவயில்ல. அத்த உனுக்கு இந்தாளு சொன்னானா? பையில மருந்து வெச்சிகினு கீறானே, ஒருநாளாவது டாக்டராண்ட போன்னு சொன்னானா? நானும் சொல்லல. நானும் முட்டாளுதான். எம் புருசன் படுத்துட்டான். நீ இன்னும் படுக்கல."

மரத்தடியிலிருந்து பாரி எழுந்து வந்தான். வாயில் இருந்ததைத் தரையில் துப்பினான். மஞ்சளாக விழுந்தது. இடது கையை மேசை மேல் நீட்டினான். மணிக்கட்டில் 172, கோடு, 104.

"இத்த எழுது பாய்," என்றான்.

அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன் வந்து கையை நீட்டினான். அப்புறம் இன்னொருத்தன். எல்லாரும் வரவில்லை. ஏழு பேர் வந்தார்கள். கடைசியாக அந்த வெல்டரும் வந்தான், அவளை முறைத்துக்கொண்டேதான் வந்தான். மேசை மேல் எட்டுக் கைகள், எட்டிலும் நீல எழுத்து. மாயா ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். அலெக்ஸாண்டர் போனைப் பிடுங்கப் போனான். அன்புக்கரசி நடுவில் நின்றாள், அவ்வளவுதான். அவன் கை கீழே போய்விட்டது.

ஹுமாயூன் புத்தகத்தை இரண்டு பக்கம் பின்னால் தள்ளினார். வியாழக்கிழமை, ஜெயவேல் என்கிற வரி. ஓரத்தில் 198/116 என்று எழுதி, முதல் அளவு என்று பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "என் பேனா இனிமே கையில எழுதாதும்மா," என்றார்.

கண்ணுங்களா, இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள். மறுநாள் பாரியைக் கூப்பிடவில்லை. இன்றுவரை கூப்பிடவில்லை, காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போகிறான். ஹுமாயூனை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்த மனு நடக்கிறது, தேதிமேல் தேதி. ஒவ்வொரு தேதிக்கும் அன்புக்கரசி அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு போகிறாள். ஒருநாள் கூடத் தவறியதில்லை. கம்பெனி சார்பில் வருகிறவர், "அம்மா, பொறுமையா இருங்க," என்பார். "பொறுமையாத்தான் கீறேன், பீ.பி. பாக்குறீங்களா?" என்று இவள் கையை நீட்டுவாளாம்.

ஜெயவேலுக்கு நடை கொஞ்சம் வந்திருக்கிறது. இப்போது அவன் படியேறினால் ஊருக்கே கேட்கிறது, ஒரு கால் வைப்பதும் ஒரு கால் இழுப்பதுமாக. இடது கைக்குப் பயிற்சி வேண்டும், எதையாவது பிசையச் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இட்லி மாவைக் கரைக்கிற வேலை அவனுக்கு வந்துவிட்டது. ஆறு மாசம் முன்னால் இரும்புக் குழாய் பிடித்த கை, மாவுக்குள் ஒரு விரல், இரண்டு விரல் என்று மெதுவாக மூடித் திறக்கிறது. உப்பு மட்டும் அவனைப் போட விடுவதில்லை.

நேற்றுக் காலை கிண்ணத்தோடு நான் போனபோது மாயா மூன்று டம்ளரில் தண்ணீர் வைத்தாள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. மூன்றாவது எனக்கு. என் மாத்திரையும் இப்போது அந்தப் புத்தர் காலடி டப்பாவில்தான் இருக்கிறது, நான் ஏமாற்றுவேன் என்று அந்தப் பெண் எடுத்து வைத்துக்கொண்டாள். அன்புக்கரசி விழுங்குவதைப் பார்த்து ஜெயவேல் கோணின வாயோடு கேட்டான்.

"இன்னாமே... இன்னிக்கி... யாராண்டயும் சண்ட போடல. எதுக்கு... மாத்திர?"

"அது ஒடம்புக்குய்யா," என்றாள் அவள். படம் இருந்த போனைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். அன்றைக்குத் தேதி. "கோவம் அப்டியேதான் கீது. அத்த நான் யாருக்கும் குடுக்கறதா இல்ல."

இதுதான் கதை. எழுந்திருங்கள், நேரமாகிவிட்டது, வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டிலிருந்து உயரத்துக்கு ஏறிப் போகிறவர்கள் எல்லாரும் தங்கள் காலாலேயே இறங்கி வரட்டும். உங்கள் வாசற்படியில் அவர்கள் வருகிற சத்தம் சாயங்காலத்துக்குச் சாயங்காலம் கேட்கட்டும். உங்கள் அடுப்பு எரியட்டும், உங்கள் டப்பாவில் மாத்திரை நாளுக்கு ஒன்றாகக் குறையட்டும். உங்களை ஏமாற்றி ஒருவன் பேனாவை நீட்டுகிற நாளில், கோபம் உங்கள் வீட்டுப் பெண்களைக் கைவிடாமல் கூடவே நிற்கட்டும். போய் வாருங்கள், என் செல்லங்களே.